வி.பி.என். இணைகிறது, ரிமோட் டெஸ்க்டாப்பில் கருந்திரை மட்டுமே வருகிறது

கேள்வி:
வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். வேலை கோயம்புத்தூரில் ஒரு தணிக்கை அலுவலகத்தில். வாரத்தில் மூன்று நாள் வேலந்தாவளம் வழியாகப் பேருந்தில் சென்று வருகிறேன். மற்ற நாள்களில் வீட்டிலிருந்தே வி.பி.என். (அலுவலக நெட்வொர்க்குக்கான பாதுகாப்பான இணையவழி) இணைத்து, ரிமோட் டெஸ்க்டாப் மூலம் அலுவலகக் கணினியில் டேலி கணக்கு மென்பொருளைப் பார்ப்பேன். உள்ளூர் கேபிள்காரரிடம் புதிய ஃபைபர் இணைப்பு வாங்கியதிலிருந்து, கடவுச்சொல் ஏற்கப்பட்டதும் திரை கறுத்து, சிறிது நேரத்தில் இணைப்பு அறுந்துவிடுகிறது. அலுவலகக் கணினிக்குப் பிங் (இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தி) செய்தால் பதில் வருகிறது. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. 20ஆம் தேதிக்குள் பல வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டிஆர்-3பி (ஜிஎஸ்டி படிவம்) முடிக்க வேண்டியிருப்பதால் மிகவும் கவலையாக உள்ளது.

மறுமொழி:
வீட்டு ரவுட்டரும் அலுவலகமும் 192.168.1 என்ற ஒரே முகவரித் தொடரில் உள்ளனவா? அப்படியிருந்தால் வேண்டுகோள் வீட்டுக்குள்ளேயே சுற்றும்.

கேட்டவர்:
இல்லை ஐயா, அலுவலகத்தில் 10 என்று தொடங்கும் முகவரி. ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டும் திறந்தே இருக்கிறது.

மற்றொரு மறுமொழி:
கடவுச்சொல் வரை சென்றுவிட்டதால் ஃபயர்வாலைச் சந்தேகிக்க வேண்டாம். சிறிய பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) கடந்து பெரியவை மட்டும் தொலைவதன் அடையாளம் இது. திரைக்காட்சி வரத் தொடங்கும்போதுதான் பெரிய பாக்கெட்டுகள் வருகின்றன. ஈத்தர்நெட்டின் எம்.டி.யு., அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, 1500 பைட். பி.பி.பி.ஓ.இ. (பயனர்பெயர், கடவுச்சொல் கொண்டு இணையும் முறை) இணைப்பாக இருந்தால் அதில் 8 குறையும், வி.பி.என். தன் உறையைச் சுற்றும்போது இன்னும் குறையும். அளவு மீறிய பாக்கெட்டைத் தடுக்கும் ரவுட்டர் அதை ஐ.சி.எம்.பி. என்னும் நெட்வொர்க் அறிவிப்புச் செய்தியாக அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டும். வழியில் யாரேனும் அச்செய்தியை அடைத்துவிட்டால், அனுப்பியவர் அறியாமல் அதே அளவிலேயே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார். தங்கள் சாதாரணப் பிங் 32 பைட் மட்டுமே என்பதால் அது எதையும் காட்டிக்கொடுக்காது.

வி.பி.என். இணைந்த நிலையில், துண்டாக்காதே என்னும் எஃப் குறியையும் அளவுக்கான எல் குறியையும் சேர்த்து, 1372 முதல் படிப்படியாகக் குறைத்து அலுவலகக் கணினிக்குப் பிங் செய்து பாருங்கள். பதில் வரும் மிகப் பெரிய எண்ணுடன் தலைப்புகளுக்கான 28 பைட்டைக் கூட்டினால் கிடைப்பதே தங்கள் அளவு. நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, வி.பி.என். அடாப்டருக்கு மட்டும் நெட்ஷ் (விண்டோஸின் நெட்வொர்க் அமைப்புக் கட்டளை) கட்டளையால் அதை எம்.டி.யு.வாக அமையுங்கள். மடிக்கணினியில் மாற்றினாலே போதும், டி.சி.பி. இணைப்பின் தொடக்கத்தில் தன்னால் ஏற்க முடிந்த அளவை அது அறிவிப்பதால், அலுவலகக் கணினியும் சிறிதாகவே அனுப்பும்.

கேட்டவர்:
1372இல் பதிலே இல்லை. 1322இல் வந்தது, 1323இல் நின்றது. 1350 என்று அமைத்து வி.பி.என்.ஐத் துண்டித்து மீண்டும் இணைத்தேன். திரை உடனே வந்துவிட்டது. ஒரு மணி நேரமாக அறுபடாமல் வேலை நடக்கிறது. மிக்க நன்றி ஐயா.

மற்றொரு மறுமொழி:
மகிழ்ச்சி. இந்த எண்களை அலுவலக நெட்வொர்க் பொறுப்பாளரிடம் கொடுங்கள், வி.பி.என். சர்வரிலேயே எம்.எஸ்.எஸ். அளவை (தலைப்புகளுக்கான 40 பைட் நீங்கலாக ஒரு பாக்கெட்டில் செல்லும் தரவு) 1310 என்று கட்டுப்படுத்தினால், வீட்டிலிருந்து இணையும் மற்றவர்களுக்கும் இத்தொல்லை வராது.