முன்னுரிமை கொடுத்தும் தொலைபேசியில் குரல் அறுகிறது: ரவுட்டரில் வேறென்ன பார்ப்பது?

கேள்வி: நூல்கண்டு

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வெளியே போக இணைப்பு ஒன்றுதான், இரு திசையிலும் 10 மெகாபிட். 12 ஐபி தொலைபேசிகள், பில் போடும் மென்பொருள், சென்னை அலுவலகத்துக்குப் போகும் டிசைன் கோப்புகள் எல்லாமே அதில்தான். மாலை 5 மணிக்கு மேல் டிசைன் பிரிவினர் கோப்புகளை அனுப்பத் தொடங்கினால் போதும், நாங்கள் பேசுவது எதிர்முனைக்குத் துண்டு துண்டாகத்தான் போய்ச் சேருகிறது.

தொலைபேசிகள் தங்கள் பாக்கெட்டுகளை டிஎஸ்சிபி 46 முத்திரையோடு, அதாவது 'இது குரல், அவசரம்' என்று தலைப்பில் குறித்து அனுப்புகின்றன. ரவுட்டரில் அந்த முத்திரைக்கு முன்னுரிமை வரிசை வைத்திருக்கிறேன். சாதாரணமாக 12 மில்லிவிநாடி காட்டும் பிங் (பாக்கெட் போய்த் திரும்பும் நேரம்), கோப்பு போகும்போது 400ஐத் தொடுகிறது. ஆனால் ரவுட்டருக்குள் பார்த்தால் குரல் வகுப்பின் பாக்கெட் எண்ணிக்கை ஒழுங்காக ஏறுகிறது. எந்த வரிசையிலும் நிலுவை 0, இழப்பு 0. இணைப்பு கொடுத்தவர்களோ தங்கள் பக்கம் எல்லாம் சரி என்கிறார்கள். வேறு எங்கே தேடுவது?

பதில்: பழைய எக்ஸ்சேஞ்ச்

தம்பி, அந்த "நிலுவை 0" என்பதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். வரிசையே நிற்காத இடத்தில் யாரை முன்னால் விடுவது?

உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க போர்ட் அநேகமாக 1 ஜிகாபிட் வேகத்தில் மோடத்தோடு பேசிக்கொண்டிருக்கும். அதைப் பொறுத்தவரை நெரிசல் என்று எதுவுமில்லை, வந்ததை வந்த வேகத்தில் தள்ளிவிடுகிறது. பிதுங்குவது அடுத்த பெட்டியில். அங்கே இருப்பது ஒரே வரிசை, முதலில் வந்தது முதலில் போகும், 46 என்ற முத்திரையை அது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சுங்கச்சாவடியில் ஆம்புலன்சுக்குத் தனி வழி விட்டிருக்கிறீர்கள், வண்டிகள் தேங்கி நிற்பதோ இரண்டு கிலோமீட்டர் தள்ளி மேம்பாலத்தில்.

10 மெகாபிட்டில் 400 மில்லிவிநாடி என்றால் சுமார் 500 கிலோபைட். 1,500 பைட் பாக்கெட்டுகளாக எண்ணினால் 330க்கு மேல். அத்தனைக்கும் பின்னால் நிற்கிறது உங்கள் 200 பைட் குரல் பாக்கெட். ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் 20 மில்லிவிநாடிக்கு ஒன்று வீதம் நொடிக்கு 50 பாக்கெட் போக வேண்டும். ஒரு திசைத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருக்கட்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் பரிந்துரை. இங்கே நிலைமை அதையெல்லாம் தாண்டிப் போய்விட்டது.

செய்ய வேண்டியது இதுதான்: நெரிசலை உங்கள் ரவுட்டருக்குள் இழுத்து வாருங்கள். வெளியே போகும் மொத்த வேகத்தையும் 9 மெகாபிட்டுக்கு ஷேப் செய்து (மிஞ்சுவதை வரிசையில் நிறுத்தி அந்த வேகத்தில் மட்டும் விட்டு), அதற்குள் இப்போதுள்ள வகுப்புகளை வையுங்கள். வேகத்தில் ஒரு மெகாபிட் போகிறதே என்று நிர்வாகம் முணுமுணுக்கும், முணுமுணுக்கட்டும். ஷேப்பர் ஒரே மூச்சில் விடும் அளவையும் குறைக்க வேண்டும். 10 மில்லிவிநாடிக்கு ஒரு தவணை என்றால் 9 மெகாபிட்டுக்கு 90,000 பிட். தவணை நீளமாக இருந்தால், தாமதத்தை ஷேப்பரே கூட்டிவிடும்.

குரல் வகுப்புக்கு உச்சவரம்பு கட்டாயம். ஒரு அழைப்பு ஈதர்நெட் தலைப்புகளோடு 87 கிலோபிட் பிடிக்கும். 12 பேரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒரு மெகாபிட்டைச் சற்றே தாண்டும். 1.5 வைத்தால் தாராளம். வரம்பில்லாத முன்னுரிமை மற்றவர்களைப் பட்டினி போட்டுவிடும். 46 என்று எழுதி அனுப்ப எந்தக் கணினியாலும் முடியும். ஆகவே தொலைபேசி செருகிய ஸ்விட்ச் போர்ட்டில் மட்டும் முத்திரையை நம்புங்கள், மற்ற போர்ட்களில் 0 ஆக்கிவிடுங்கள்.

வகுப்புகள் மூன்று போதும்: குரல், பில், மிச்சமெல்லாம். எட்டு வகுப்பு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எட்டாவதில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

பதில்: வைகைக்கரை

மூன்று வகுப்புகூட எதற்கு என்பது என் கட்சி. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, அதே 9 மெகாபிட் ஷேப்பரின் கீழ் எஃப்க்யூ-கோடெல் என்ற வரிசை மேலாண்மை முறையை வையுங்கள். ஒவ்வொரு ஓட்டத்தையும் (ஓர் அழைப்பு, ஒரு கோப்பு என) அது தனி வரிசைக்குப் பிரித்துவிடும், இயல்பாக 1,024 வரிசைகள். அவ்வப்போது ஒரு பாக்கெட் மட்டும் அனுப்பும் மெல்லிய ஓட்டம் தானாகவே முன்னால் போகும். குரல் அப்படிப்பட்டதுதான், முத்திரையே தேவையில்லை.

வரிசையின் நீளம் எவ்வளவு என்று கோடெல் கேட்பதில்லை, பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்றுதான் பார்க்கும். காத்திருப்பு 5 மில்லிவிநாடிக்குக் கீழே இறங்காமல் 100 மில்லிவிநாடி நீடித்தால் பாக்கெட்டுகளைக் கைவிடத் தொடங்கும். அனுப்புகிறவரின் டிசிபி (கோப்புகளைக் கொண்டுபோகும் நெறிமுறை) புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும். கேத்லீன் நிக்கல்சும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்ட முறை இது.

பதில்: பழைய எக்ஸ்சேஞ்ச்

நல்ல முறைதான், என் வீட்டில் அதுதான் ஓடுகிறது. ஆனால் இவருடைய போக்குவரத்து சென்னைக்கு மறையாக்கச் சுரங்கத்தின் வழியே, அதாவது எல்லாவற்றையும் பூட்டி ஒரே குழாயில் அனுப்பும் ஏற்பாட்டில் போகிறதா என்று முதலில் கேட்க வேண்டாமா? சுரங்கத்தை வேறொரு பெட்டி கட்டுகிறது என்றால், வெளியே இருந்து பார்க்கும் லினக்ஸுக்குக் குரலும் கோப்பும் ஒரே ஓட்டமாகத்தான் தெரியும். பிரிக்க வழியில்லை. அந்த இடத்தில் முத்திரைதான் கைகொடுக்கும், வழக்கமாக அப்படிச் சுரங்கம் கட்டும் ஐபிசெக் முறை அதை வெளித் தலைப்புக்கு நகலெடுத்துவிடும்.

முன்பு 64 கிலோபிட் லைன்களில் ஒரு 1,500 பைட் பாக்கெட் வெளியேறவே 187 மில்லிவிநாடி ஆகும். முன்னுரிமை இருந்தும் பயனில்லை, பாதி போன பாக்கெட்டை நிறுத்த முடியாதே. பெரிய பாக்கெட்டை நறுக்கி இடையில் குரலைச் செருகுவோம். 9 மெகாபிட்டில் அதே பாக்கெட் 1.3 மில்லிவிநாடியில் போய்விடுகிறது, அந்தத் தொல்லை இப்போது இல்லை.

நூல்கண்டு

ஐயா, ஐபிசெக் சுரங்கம்தான், கட்டுவதும் இதே ரவுட்டர்தான். 9 மெகாபிட்டுக்கு ஷேப் செய்தேன். மாலையில் கோப்புகள் போகும்போதும் குரல் தெளிவாகப் போகிறது. இப்போது நிலுவை கோப்பு வகுப்பில் ஏறுகிறது, இழப்பும் அங்கேதான், குரல் வகுப்பில் இரண்டும் 0. ஆனால் இங்கே யாராவது பெரிய கோப்பை இறக்கினால், எதிர்முனையின் குரல் எங்களுக்கு அறுகிறது. உள்ளே வருவதற்கும் இதே முன்னுரிமை வைக்கலாமா?

பதில்: பழைய எக்ஸ்சேஞ்ச்

வைத்துப் பயனில்லை. அந்த வரிசை நிற்பது சேவை நிறுவனத்தின் கருவியில், உங்களிடம் வருவதற்குள் தாமதம் நடந்து முடிந்திருக்கும். இணையத்தின் வழியே வரும்போது 46 என்ற முத்திரையும் பெரும்பாலும் அழிக்கப்பட்டிருக்கும்.

வேண்டுமானால் உள்வரும் போக்குவரத்தை 8.5 மெகாபிட்டுக்குக் கட்டுப்படுத்துங்கள். அதற்கு மேல் வருவதை நீங்களே கைவிட்டால் டிசிபி பின்வாங்கும், அங்கே வரிசை வளராது. இழப்பைக் கண்டு தானாகப் பின்வாங்காத யூடிபி நெறிமுறையின் வெள்ளத்துக்கு இது எடுபடாது. சென்னை அலுவலகத்து ரவுட்டர் உங்கள் கையில் இருந்தால், சுரங்கத்தில் இங்கே அனுப்புவதை அங்கேயே ஷேப் செய்யுங்கள், அதுவும் உதவும். நிறுவனமே தன் பக்கத்தில் வகுப்பு பிரித்துத் தர வேண்டுமென்றால் வகுப்புகளோடு விற்கும் எம்பிஎல்எஸ் என்ற தனி வலை இணைப்புக்குப் போக வேண்டும். அதன் மாத வாடகையைக் கேட்டுவிட்டு நிர்வாகத்திடம் பேசுங்கள்.