சரிவில் நின்ற வண்டியும் தரையை விட்ட பின்சக்கரமும்

எங்களுடையது 36 அடி நீளமும் ஏறத்தாழ 10 டன் எடையும் கொண்ட பெட்ரோல் மோட்டார்ஹோம், அதாவது படுக்கை, குளியலறையோடு உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி. நான்கு மூலைகளிலும் ஹைட்ராலிக் ஜாக்கிகள் உண்டு. பொத்தானை அழுத்தினால் அவையே இறங்கி வண்டியை மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். அந்தப் பொத்தானை நம்பித்தான் ஒரு ஜூன் மாதக் கடைசியில், அமெரிக்காவின் சவுத் டகோட்டா மாநிலத்தில் வால் என்னும் சிற்றூருக்குத் தெற்கே, பஃபலோ கேப் தேசியப் புல்வெளியின் விளிம்பில் வண்டியை நிறுத்தினேன். அங்கே கட்டணமும் இல்லை, மின் இணைப்பும் இல்லை. எதிரே பேட்லேண்ட்ஸின் மண் குன்றுகள் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தன. அந்தக் காட்சி முன் கண்ணாடி நிறையத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் வண்டியின் முகத்தை விளிம்பின் பக்கம் வைத்தேன். தரையோ விளிம்பிலிருந்து பாதையை நோக்கிச் சரிந்திருந்தது. ஆகவே முகம் மேட்டிலும் பின்புறம் பள்ளத்திலுமாக நின்றோம்.

பொத்தானை அழுத்தியதும் பின் ஜாக்கிகள் இறங்கத் தொடங்கின, இறங்கிக்கொண்டே இருந்தன. வெளியே நின்றிருந்த என் மனைவி, "நிறுத்துங்க, டயருக்கு அடியில வெளிச்சம் தெரியுது!" என்று கத்தினார். ஓடிப் போய்ப் பார்த்தபோது, இடப்புறப் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரு செருப்பின் கனத்துக்குத் தரையை விட்டு எழும்பியிருந்தன. வலப்புறத்தவை புல்நுனியை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. இந்த வகை வண்டிகளில் பார்க்கிங் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அவை அந்தரத்தில் தொங்கினால் பிரேக் போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான். முன்சக்கரங்கள் தம் போக்கில் உருண்டால், ஜாக்கிக் கால்கள் வளைந்து வண்டி அவற்றின் மேலிருந்து நழுவிவிடும். முன்சக்கரங்களுக்கு வைத்திருக்க வேண்டிய முட்டுக்கட்டைகள் பெட்டிக்குள்ளேயே கிடந்தன என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எவரும் வண்டிக்கு அருகில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பின் ஜாக்கிகளைச் சிறிது சிறிதாக மேலே இழுத்துச் சக்கரங்களைத் தரையில் அமர்த்தினேன்.

பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 5.8 மீட்டர், சரிவு 3 டிகிரி என்றாலே உயர வேறுபாடு 30 செ.மீ. வந்துவிடுகிறது. அதே 3 டிகிரி பக்கவாட்டில் இருந்தால், சக்கரங்களுக்கு இடையே 2 மீட்டர்தான் என்பதால், 10 செ.மீ. மட்டுமே தூக்க வேண்டும். இடத்தைப் பார்க்கும்போது நீளவாக்கில் உள்ள வாட்டத்தையே முதலில் பார்க்க வேண்டும் என்று இதற்குமுன் எனக்குத் தோன்றியதே இல்லை. வண்டியைத் திருப்பி, முகத்தைப் பள்ளத்தின் பக்கம் வைத்தேன். இப்போது எழும்பியது முன்புறம். பின்சக்கரங்கள் முழு எடையோடு தரையில் நின்றன. பேட்லேண்ட்ஸை மட்டும் படுக்கையறைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டோம்.

அன்றிரவு மழை பெய்தது. அப்பகுதியின் களிமண் காய்ந்திருக்கும்போது சிமென்டுத் தரை போல இருக்கும், நனைந்தால் வெண்ணெயாகிவிடும். விடியற்காலையில் குளியலறைக் கதவு தானாகத் திறந்து திறந்து சாத்திக்கொண்டிருந்தது. வலப்புற முன் ஜாக்கி மண்ணுக்குள் ஒரு சாண் இறங்கியிருந்தது. பாதை காயும்வரை இரண்டு நாள் நகர முடியவில்லை. இப்போது ஒவ்வொரு ஜாக்கிக்கு அடியிலும் ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒட்டுப்பலகையை இரண்டு அடுக்காக வைக்காமல் பொத்தானைத் தொடுவதில்லை.

மறுமொழி 1

நீங்கள் குறிப்பிட்டதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரே ஒரு மூலையை மட்டும் உயரத் தூக்கினால் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும். டெக்சாஸில் ஒரு பூங்காவில் நான் அப்படிச் செய்தபோது, முன் கண்ணாடியின் மேல்மூலை ரப்பரிலிருந்து விரல்நுனி அளவு வெளியே வந்துவிட்டது. அதன்பின் முன் ஜாக்கிகளை இணையாக இறக்கி, பிறகே பின்புறத்துக்குப் போகிறேன். சரிவு அதிகமென்றால் முதலில் சக்கரத்தையே கட்டைகளின் மேல் ஏற்றிக்கொள்கிறேன். பின்புற இரட்டைச் சக்கரங்களில் இரண்டு டயர்களும் முழு அகலத்துக்குக் கட்டையில் பதிந்திருக்க வேண்டும், ஒன்று மட்டும் ஏறியிருந்தால் மொத்தச் சுமையும் அந்த ஒரு டயருக்குப் போய்விடும்.

மறுமொழி 2

மட்டம் என்பது தூக்கத்துக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். பென்சில்வேனியாவில் அண்ணன் வீட்டு வாசலில், நல்ல சரிவில், கேஸில் ஓடும் குளிர்சாதனப் பெட்டியை இயக்கியபடியே நான்கு நாள் வண்டியை விட்டுவைத்தேன். அந்த வகைப் பெட்டியில் அமுக்கி (கம்ப்ரசர்) கிடையாது; அம்மோனியாக் கரைசல் சூடேறி ஆவியாகி, குளிர்ந்து, புவியீர்ப்பால் மட்டுமே திரும்பி ஓடிவர வேண்டும். பெட்டி சாய்ந்திருந்தால் கரைசல் குழாயின் ஓரிடத்தில் தேங்கிவிடும். கொதிகுழாய் வறண்டு அளவுக்கு மீறிச் சூடாகும். துருப்பிடிக்காமலிருக்கக் கரைசலில் சேர்த்திருக்கும் உப்பு அங்கே படிந்து அடைத்துக்கொள்ளும், அந்த அடைப்பு பிறகு கரைவதில்லை. ஐந்தாம் நாள் பால் திரிந்தது. அடுத்த மாதம் பெட்டியையே மாற்றினோம். வீட்டில் இருப்பது போன்ற அமுக்கி வைத்த பெட்டி உள்ளவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மறுமொழி 3

முகத்தைப் பள்ளத்தின் பக்கம் வைக்கச் சொல்வது திறந்த வெளிக்குச் சரி, ஐயா. கட்டண முகாம்களில் மின்சாரமும் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் ஓட்டுநர் பக்கமாகவே வருமாறு அமைத்திருக்கிறார்கள். வண்டியைத் திருப்பி நிறுத்தினால் எதுவும் எட்டாது. அப்போது என்ன செய்வீர்கள்?

முதலில் எழுதியவரின் பதில்

அந்தச் சிக்கல் எனக்கும் வந்தது. ரசமட்டத்தைத் தரைப்பலகையில் வைத்துப் பார்த்தேன். குமிழி கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. பின்சக்கரம் எழும்பாமல் அந்த இடத்தைச் சமாளிக்க வழியில்லை என்று தெரிந்ததும், அலுவலகத்துக்குத் திரும்பிச் சென்று வேறு இடம் கேட்டேன். கழிப்பறைக்கு அடுத்த இடம்தான் மிச்சம் இருந்தது. காட்சி ஒன்றும் இல்லை. குமிழி நடுவில் நின்றது.