20^100 கணக்கு: தற்செயலாகப் புரதம் அமையுமா?

கேள்வி:
100 அமினோ அமிலம் கோத்த ஒரு புரதம். ஒவ்வோர் இடத்திலும் 20 வகையில் எதுவும் வரலாம். ஆக 20^100, கிட்டத்தட்ட 10^130 வரிசைகள். காணக்கூடிய பிரபஞ்சத்தின் அணுக்களே 10^80 அளவுதான் என்கிறார்கள். பிறகு எப்படித் தற்செயலாக அமையும்? கணக்கில் எங்கே ஓட்டை?

பதில் 1:
பெருக்கல் சரிதான். ஒவ்வொரு முயற்சியும் முதலிலிருந்து தொடங்குவதாக வைத்ததுதான் ஓட்டை. 20 நாணயங்களைச் சுண்டினால், எல்லாமே தலையாக விழ 10,48,576-இல் ஒரு வாய்ப்பு. தலை விழுந்ததை விட்டுவிட்டு, பூ விழுந்ததை மட்டும் மறுபடி சுண்டுங்கள். சராசரியாக ஐந்தாறு சுற்றில் முடிந்துவிடும்.

பதில் 2:
அதில் 'தலைதான் வேண்டும்' என்று இலக்கை நாமே வைத்துவிடுகிறோமே! இயற்கைக்கு இலக்கு ஏது? அதைவிடப் பெரிய ஓட்டை, ஒரே ஒரு வரிசைதான் வேலை செய்யும் என்ற அனுமானம். 2001-இல் கீஃப், சோஸ்டாக் என்ற இரு விஞ்ஞானிகள் இதைச் சோதித்தார்கள். 80 அமினோ அமிலம் தாறுமாறாகக் கோத்த 6×10^12 புரதங்கள், ஒவ்வொன்றும் தன் ஆர்என்ஏவோடு (அந்தப் புரதத்துக்கான மரபுச்செய்தியைத் தாங்கும் மூலக்கூறு) ஒட்டியபடி. இங்கே 'வேலை' என்பது ஏடிபியை (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) பிடித்துக்கொள்வது. ஏடிபி பூசிய மணிகள் மேல் ஊற்றி, ஒட்டாததைக் கழுவி, ஒட்டியதை வெறும் ஏடிபி கரைசலால் பிரித்து, அதன் மரபுச்செய்தியை நகலெடுத்து, மறுபடி அதே வேலை. கடைசியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 4 புரதக் குடும்பங்கள் தேறின. சோதனையில் தவறிப்போயிருக்கக்கூடியவற்றையும் சேர்த்து அவர்கள் மதிப்பிட்டது ஏறத்தாழ 10^11-இல் ஒன்று. அரிதுதான், ஆனால் 10^130 எங்கே, இது எங்கே!

கேள்வி கேட்டவர்:
கழுவியது, நகலெடுத்தது எல்லாம் மனிதக் கைதானே?

பதில் 3:
நியாயமான கேள்வி. இந்தச் சோதனை காட்டுவது, வேலை செய்யும் வரிசைகள் எவ்வளவு அடர்த்தி என்பதை மட்டும்தான். நகலெடுப்பு எப்படித் தொடங்கியது என்பதற்கு இதில் பதில் இல்லை.

நகலெடுப்பு இருந்தாலும் சிக்கலமைப்பு தானாக வந்துவிடாது. 1967-இல் விஞ்ஞானி ஸ்பீகல்மனின் குழு, கியூ-பீட்டா என்ற, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் ஆர்என்ஏவையும் அதை நகலெடுக்கும் நொதியையும் குழாயில் போட்டு, சிறிது நேரம் வளரவிட்டு ஒரு துளியைப் புதுக் குழாய்க்கு மாற்றிக்கொண்டே போனது. இடைவெளியையும் குறைத்தார்கள். சீக்கிரம் நகலாவதுதான் பிழைத்தது. 74-ஆவது மாற்றலில் நீளத்தில் 83 சதவீதம் போயிருந்தது, தொற்றும் திறனும் இல்லை.

அடுத்தது ஐகன் என்ற விஞ்ஞானி 1971-இல் சொன்ன வரம்பு. மரபுச்செய்தியை நகலெடுக்கும்போது நூறு எழுத்துக்கு ஒரு பிழை என்றால், ஏறத்தாழ நூறு எழுத்துக்கு மேல் செய்தி நிலைக்காது. பிழையைக் குறைக்க நல்ல நொதி வேண்டும், அந்த நொதிக்கோ நீளமான செய்தி வேண்டும். உயிரின் தோற்றத்தில் இன்னும் அவிழாத முடிச்சு இங்கேதான், 20^100-இல் இல்லை.