சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய ஆவணங்கள்: வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொடக்கக் காலம் குறித்து எழுதிவருகிறேன். 1857 செப்டம்பர் 5 அன்று சட்டம் வந்தது, கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்த செனட் மாளிகை 1879இல் முடிந்தது என்பதெல்லாம் எல்லா நூல்களிலும் இருக்கிறது. எனக்கு வேண்டியது அதற்குப் பின்னால் உள்ள காகிதம்.

முதலாவது, உயர்கல்வி நிலையம் வேண்டும் என்று 1839இல் எழுபதாயிரம் பேர் கையெழுத்திட்டு ஆளுநர் எல்பின்ஸ்டனிடம் கொடுத்த மனு. அதன் வாசகத்தை மேற்கோள்களில்தான் பார்த்திருக்கிறேன். கையெழுத்துத் தாள்கள் எங்காவது மிஞ்சியிருக்கின்றனவா? யார் யார் போட்டார்கள், தமிழிலா தெலுங்கிலா என்று பார்க்க ஆசை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எந்தத் துறையின் தொகுதிகளில் தேடுவது? அந்தக் காலத்தில் கல்விக் கோப்புகள் பொதுத் துறையோடு கலந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

இரண்டாவது, பழைய நாட்காட்டிகள். பெயர்தான் நாட்காட்டி, உள்ளே விதிகள், பாடநூல்கள், வினாத்தாள்கள், பட்டதாரிகளின் பெயர்ப் பட்டியல் எல்லாம் உண்டு. நான் பார்த்த ஒரு பிரதியில் தாளைப் புரட்டும்போதே ஓரம் பொடியாகி மடியில் உதிர்ந்தது. அதன் பிறகு தொடவே மனம் வரவில்லை. பல்கலைக்கழகத்தை மாற்றியமைத்த 1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முந்தையவை யாரிடமாவது மின்படிகளாக இருந்தால் சொல்லுங்கள்.

மூன்றாவது, பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைத் தொகுத்த குழுவின் கடிதங்களைக் கண்டவர்கள் இருந்தால், ஒரு வரி எழுதினாலும் போதும். கோப்பு எண் கிடைத்தால் நேரில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.