கொல்லம் வரை மிதித்தாயிற்று, விரல்தான் மரத்துப் போகிறது

வணக்கம் நண்பர்களே. செங்கோட்டையிலிருந்து கொல்லம் வரை சைக்கிளில் போய்ச் சேர்ந்துவிட்டேன். என் முதல் நெடும்பயணம். புளியரை எஸ் வளைவைச் சொல்லித்தான் எல்லாரும் பயமுறுத்தினார்கள். சின்ன கியரில் நிதானமாக மிதித்தேன், ஏறிவிட்டது. ஆரியங்காவுக்கு அப்புறம் வந்த இறக்கம்தான் படுத்தி எடுத்தது. முன்னால் ஈரமான வளைவு, பின்னால் ஹாரன் அடிக்கும் லாரி. கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலம் வரை பிரேக்கிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

புனலூர் தாண்டியதும் இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிட்டன. கொல்லத்தில் சட்டைப் பொத்தான் போடவே திண்டாடிவிட்டேன்! உள்ளங்கை ஓரத்தில் அல்நார் நரம்பு அழுந்தினால் இப்படி வரும். என் சீட்டின் மூக்கு கொஞ்சம் முன்னால் சரிந்திருக்கிறது, உடம்பின் பாரமெல்லாம் கைக்குத்தான் போகிறது.

முதலில் எதை மாற்றலாம்? சீட்டைச் சமமாக்குவதா, ஹேண்டில்பாரை உயர்த்துவதா? ஜெல் கையுறை உண்மையிலேயே உதவுமா, காசுக்குக் கேடா? ஜூன் மழை பிடிப்பதற்குள் மறுபடி போக ஆசை, இந்தத் தடவை திரும்பி வருவதும் சைக்கிளில்தான். தென்காசிப் பக்கம் ஆளை ஏற்றி உட்காரவைத்து அளவு பார்த்துச் சரிசெய்கிற கடை இருந்தால் சொல்லுங்க. புதுசு வாங்கச் சொல்கிற கடை வேண்டாம்.