மார்க்டவுன் தலைப்புகளில் காலும் கொம்பும் காணாமல் போகின்றன, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. பினாங்கில் எங்கள் சங்கத்தின் தைப்பூசக் கையேட்டைப் பைத்தான்-மார்க்டவுன் (எளிய குறிகளிட்ட உரையை HTML ஆக்கும் நிரல்) கொண்டு இணையப் பக்கமாக மாற்றுகிறேன். தலைப்புகளுக்கு ஐடி (இணைப்பு முகவரியில் வரும் அடையாளம்) போடுவது அதன் டிஓசி என்ற பொருளடக்க நீட்சி. அது இயல்பாக ஆஸ்கி (அடிப்படை ஆங்கில) எழுத்துகளை மட்டும் விட்டுவைப்பதால் தமிழ்த் தலைப்புகளுக்கு _1, _2 என்றுதான் விழுகிறது. சரி, தலைப்பை ஐடியாக்கும் ஃபங்ஷனை, பிற மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூனிகோட் ஸ்லக்கிஃபைக்கு மாற்றினேன். முருகன் கோயில் இருக்கும் ‘தண்ணீர்மலை’ இப்போது ‘தணணரமல’! முருகனுக்கே வழி தெரியாது.

பைத்தான் ரெகெக்ஸ் (உரையில் எழுத்து வடிவங்களைத் தேடும் கருவி) உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே எண்ணுவதில்லை, அதுதான் காரணம். சொந்த ஃபங்ஷனை அமைப்பில் கொடுக்கலாம் என்று தெரியும். தமிழுக்கென யாராவது எழுதி வைத்திருக்கிறீர்களா? ஒருமுறை வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பு பிறகு உடையக்கூடாது, அதனால்தான் கேட்கிறேன்.

அப்புறம், வெளி இணைப்புகள் மட்டும் புதிய டேப்பில் திறக்க ட்ரீபிராசசர் (HTML ஆகும் முன் உறுப்புகளைத் திருத்தும் நிரல்துண்டு) எழுதுவதுதான் வழியா?