“காசு கொடுத்தால் வசதி வந்துவிடும்” என்பவர்கள் கவனத்துக்கு

ஈயஎழுத்து:
நேற்று இன்னொரு இழையில் முனையம் ஒரு பொன்மொழி உதிர்த்திருந்தார்: “திறமூல மென்பொருளில் (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது) ஒரு வசதி இல்லையா? புலம்பாதீர்கள். ஒரு ஃப்ரீலான்சரைப் பிடித்து, காசைக் கொடுத்து, சேர்த்துக்கொள்ளுங்கள்.” சைக்கிளுக்குக் கேரியர் மாட்டுவது போலச் சொல்கிறார். நான் மாட்டிப் பார்த்தவன்.

எங்களுடையது சிறு பதிப்பகம். பக்க வடிவமைப்புக்குத் திறமூல மென்பொருள்தான். நூலின் கடைசியில் வரும் சொல்லடைவைத் தயாரித்தால், அகர வரிசையில் அல்லாமல், கணினியில் எழுத்துகளுக்குள்ள யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும். ‘வ’வுக்கு முன்பே ‘ழ’ வரும், ‘ந’வை ஒட்டி ‘ன’ நிற்கும், ‘அகம்’ வந்தபிறகுதான் ‘அக்கா’ வரும். இதைச் சரிசெய்ய ஒருவருக்கு 45,000 ரூபாய் கொடுத்தேன், அதில் 20,000 அட்வான்ஸ். மூன்று வாரத்தில் பேட்ச், அதாவது திருத்தநிரல், வந்தது, அருமையாக வேலை செய்தது. ஆனால் மென்பொருளின் மூலத்திட்டத்தில் அதைச் சேர்க்கவில்லை. ஐந்து மாதம் கழித்து, திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் எழுதினார்: “எதற்குக் கையால் எழுதிய வரிசை அட்டவணை? ஐசியூ என்ற பொது நிரல் நூலகத்தில் தமிழ் வரிசை இருக்கிறதே. டெஸ்ட்டும் இல்லை.” அதற்குள் அடுத்த பதிப்பு வந்து பேட்ச் உடைந்துவிட்டது. ஒட்டித்தர ஃப்ரீலான்சர் இன்னும் 15,000 கேட்கிறார். இதுதான் உங்கள் கேரியர்.

முனையம்:
பிழை உங்கள் ஒப்பந்தத்தில். ‘மெர்ஜ் ஆன (மூலத்திட்டத்தில் சேர்ந்த) பிறகே கடைசித் தவணை’ என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

ஈயஎழுத்து:
மெர்ஜ் பொத்தான் ஃப்ரீலான்சர் கையிலா இருக்கிறது? மூன்றாம் மனிதர் கையில் இருப்பதற்கு இவர் எப்படி உறுதி கொடுப்பார்?

செம்பருத்தி:
இது ஒப்பந்தப் பிரச்சினையே இல்லை. காசு நுழைந்தாலே, யாரும் எடுத்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் கெடும். 2006இல் டெபியனில், தன்னார்வலர்கள் உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளத்தில், என்ன நடந்தது? எட்ச் பதிப்பை டிசம்பருக்குள் முடிக்க, வெளியீட்டு மேலாளர்கள் இரண்டு பேருக்கு மட்டும் சம்பளம் என்று ‘டங்க்-டேங்க்’ என்ற திட்டத்தை ஆரம்பித்தார்கள். சும்மா உழைத்துக்கொண்டிருந்த சிலர் “அவருக்குக் காசு, நமக்கு நாமமா” என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். எட்ச் வந்தது 2007 ஏப்ரலில்.

பழம்பேய்:
நாலு மாதத் தாமதத்துக்குக் காசுதான் காரணம் என்று யார் சொன்னது? அம்மா, நான் 1996இல் இருந்து லினக்ஸ் ஓட்டுகிறவன். ஃப்ளாப்பியில் நிறுவியவன். ரிச்சர்டு ஸ்டால்மனே 1985இல் தான் எழுதிய ஈமேக்ஸ் உரைத்தொகுப்பியை 150 டாலருக்கு விற்றார். கட்டற்ற மென்பொருளின் மூதாதையே விற்றாரா இல்லையா?

செம்பருத்தி:
அது மென்பொருளைப் பதிந்து அனுப்பிய காந்த டேப்புக்கு விலை. மென்பொருள் வலையில் எஃப்டிபி வழியாகச் சும்மா கிடைத்தது. அப்புறம், ‘அம்மா’ வேண்டாம்.

பழம்பேய்:
காலி டேப் 150 டாலரா? நான் டேப் டிரைவ் தொட்டவன். நீங்கள் படத்திலாவது பார்த்திருக்கிறீர்களா?

செம்பருத்தி:
டேப், தபால், அவருடைய நேரம், எல்லாம் சேர்த்துத்தான் 150. ஈமேக்ஸுக்கு விலை பூஜ்யம்.

பழம்பேய்:
நேரத்துக்குக் காசு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

செம்பருத்தி:
டேப்பில் எழுதும் நேரத்துக்கு! நிரல் எழுதிய நேரத்துக்கு அல்ல!

குறுநிரல்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். டேப்பை விடுங்கள். ஸ்டால்மன் அந்தக் காலத்தில் தன் குனு திட்டத்து நிரல்களில் கேட்டவர்களுக்குக் கேட்ட மாற்றங்களைக் காசுக்குச் செய்தும் கொடுத்திருக்கிறார். 1989இல் தொடங்கிய சிக்னஸ் நிறுவனம், நிரலைச் சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் ஜிசிசி என்ற குனு நிரலைப் புதுப்புது சிப்களுக்கு எழுதிக் கொடுத்தே பிழைத்தது. இந்த இழையின் கேள்விக்கு அதுதான் நேரான உதாரணம்.

நானும் ஃப்ரீலான்சர்தான். ஈயஎழுத்து ஐயா, முதல் வாரமே மெயின்டெய்னரிடம் வடிவமைப்பைக் காட்டி ஒப்புதல் வாங்கியிருந்தால் ஐசியூ விஷயம் அன்றே தெரிந்திருக்கும். அதுவும் சம்பளத்துக்குரிய வேலைதான். 45,000 நிரலுக்கு மட்டும் பேசியதாக இருந்தால் அந்த வேலையை யாரும் சும்மா செய்ய மாட்டார்கள்.

பழம்பேய்:
குறுநிரல் என் பக்கம். ஆக, 150 டாலர் டேப்புக்கு அல்ல என்று முடிவாகிறது.

குறுநிரல்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை.

செம்பருத்தி:
பார்த்தீர்களா, அவரே இல்லை என்கிறார். டேப்புக்குத்தான்.

ஈயஎழுத்து:
ஆக, மூன்று வார வேலைக்கு 45,000 குறைவு என்கிறீர்களா? நான் விற்கும் புத்தகம் 180 ரூபாய். எத்தனை பிரதி விற்க வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்.

முனையம்:
பவுன்ட்டி, அதாவது செய்து முடிப்பவருக்குப் பரிசுத்தொகை, வைத்திருக்கலாம். பத்துப் பதிப்பகங்கள் ஆளுக்கு 5,000.

ஈயஎழுத்து:
பத்துத் தமிழ்ப் பதிப்பகங்களை ஒரு விஷயத்தில் ஒன்றாக உட்கார வைத்துக் காட்டுங்கள், நான் தனியாகவே 50,000 தருகிறேன். பவுன்ட்டி தளமும் லேசுப்பட்டதல்ல. பவுன்ட்டிசோர்ஸ் 2020இல், இரண்டு வருடம் யாரும் எடுக்காத பணத்தைத் தானே வைத்துக்கொள்ளும்படி விதியை மாற்றப் பார்த்தது. கூச்சல் கிளம்பியதும் பின்வாங்கியது.

முனையம்:
பின்வாங்கியதல்லவா? பிறகென்ன?

ஈயஎழுத்து:
நீங்கள் எப்போதும் இப்படித்தான். மூன்று வருடம் முன்னால் ‘பழைய பாமினி எழுத்துருவிலிருந்து யூனிகோடு மாற்றி எழுதித் தருகிறேன், மூலநிரலோடு வெளியிடுகிறேன்’ என்று இதே தளத்தில் சொன்னீர்கள். ‘ஸ்ரீ’ வந்தால் கவிழ்ந்துவிடும் ஒரு வலைப்பக்கம் வந்தது. மூலநிரல் எங்கே?

முனையம்:
அதைக் காசில்லாமல் செய்தேன். காசு கொடுத்திருந்தால் ‘ஸ்ரீ’யும் வந்திருக்கும்.

செம்பருத்தி:
அடடா, கட்டற்ற உணர்வு பொங்குகிறது.

பழம்பேய்:
‘கட்டற்ற’ என்ற சொல்லே தப்பு. ‘திறமூலம்’ என்று எழுதுங்கள்.

செம்பருத்தி:
ஸ்டால்மனைச் சாட்சிக்கு இழுத்துவிட்டு ‘திறமூலம்’ என்கிறீர்களே! அந்தச் சொல்லே அவருக்கு ஆகாது.

பழம்பேய்:
அவருக்கு எது ஆகும் ஆகாது என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 150 டாலர் வாங்கிய கை அது.

செம்பருத்தி:
டேப்புக்கு.

பழம்பேய்:
சரி, டேப்புக்கே. அதில் ஈமேக்ஸ் இல்லாமல் வெறும் டேப்பை அனுப்பியிருந்தால் யாராவது 150 கொடுத்திருப்பார்களா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

செம்பருத்தி:
இளநீர் வண்டிக்காரர் வெட்டிக் கொடுக்கும் கூலியைச் சேர்த்துத்தான் வாங்குகிறார். அதற்காக இளநீரை அவரே காய்ச்சினார் என்று ஆகிவிடாது.

பழம்பேய்:
ஈமேக்ஸை ஸ்டால்மன்தானே காய்ச்சினார்?

குறுநிரல்:
ஈயஎழுத்து ஐயா, அந்தப் பேட்ச் சுட்டியைத் தனிமடலில் அனுப்புங்கள். அட்டவணையை எடுத்துவிட்டு ஐசியூவை அழைத்தால் முக்கால்வாசி நிரல் குறைந்துவிடும் என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டு விலை சொல்கிறேன்.

ஈயஎழுத்து:
மறுபடியும் விலையா?

முனையம்:
ஒப்பந்தத்தில் மெர்ஜ் வரி எழுதுங்கள்.

ஈயஎழுத்து:
உங்களை யார் கேட்டார்கள்?

பழம்பேய்:
எல்லோரும் கேள்வியைத் திசைதிருப்புகிறார்கள். தூங்கப் போகிறேன். காலையில் வருவதற்குள் 1985இல் காலி டேப் என்ன விலை என்று யாராவது தேடி வையுங்கள்.

செம்பருத்தி:
தபால் செலவையும் சேர்த்து.